தொய்வு வருத்தம்: யாருடைய பரம்பரை?

சில மாதங்களுக்கு முன்னர் வேலை நிமித்தமாக ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்த வீட்டின் ஆறு வயதுச் சிறுவன் அடிக்கடி முட்டு இழுப்பதால் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று வகுப்பாசிரியை அறிவித்திருந்தார். நான் போனபோது அவன் தலையணையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். விறாந்தையில் இருந்த அவனது அப்பம்மா, நான் கேட்பதற்கு முன்னரே விடயத்தைத் தொடங்கிவிட்டார்.

"எங்கட பரம்பரையில இந்த வருத்தம் ஒருத்தருக்கும் இல்லைப் பிள்ளை. இது இவவின்ர பக்கத்தால வந்தது. கலியாணம் பேசேக்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

குசினி வாசலில் நின்ற தாய் எதுவும் பேசவில்லை. நான் புறப்படும்போது படலை வரை வந்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மிஸ், என்ர அப்பாவுக்குத் தொய்வு இருந்தது உண்மைதான். ஆனா கிளினிக்கில டொக்டர் கேட்கேக்க, குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். மாமியும் பக்கத்தில நிண்டவ."

ஒரு வீட்டில் ஒருவர் பழி சொல்கிறார், மற்றவர் அந்தப் பழிக்குப் பயந்து உண்மையை மறைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் மூச்சுக்குத் தவிப்பது ஒரு குழந்தை. எமது சமூகத்தில் இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல என்பதைச் சகோதரிகள் அறிவீர்கள். பரம்பரை என்ற சொல்லை நாம் எவ்வளவு இலேசாக ஒருவர்மீது ஒருவர் எறிகின்றோம்! ஆனால் தொய்வு உண்மையில் எவ்வளவு தூரம் பரம்பரை வருத்தம்? அது ஒருவருக்குக் கடுமையாகவும் மற்றவருக்கு இலேசாகவும் வருவது ஏன்? இவற்றைப் பற்றி விஞ்ஞானம் கண்டறிந்தவற்றை இங்கு பார்ப்போம்.

தொய்வில் நடப்பது என்ன?

தொய்வு, முட்டு, இழுப்பு என ஊருக்கு ஊர் பெயர் வேறாயினும் வருத்தம் ஒன்றுதான். நாம் சுவாசிக்கும் காற்று நுரையீரலுக்குள் செல்லும் சிறு குழாய்களின் உட்சுவர் இவ்வருத்தம் உள்ளவர்களில் எந்நேரமும் சற்று அழன்று வீங்கியே இருக்கும். தூசி, புகை, தடிமன், குளிர்காற்று போன்ற ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகின்றது, சளியும் சுரக்கின்றது. உள்ளே போன காற்று வெளியே வர வழியின்றித் தவிக்கின்றது. நாம் கேட்கும் 'வீஸ்' என்ற சத்தம் அதுதான்.

ஒருவர் ஒரு செக்கனில் எவ்வளவு காற்றை வேகமாக வெளியே ஊத முடிகின்றது என்பதை வைத்து அவரது நுரையீரலின் தொழிற்பாட்டை வைத்தியர்கள் அளவிடுவர். இந்தத் திறன் பிள்ளைப் பருவத்தில் வளர்ந்து, இருபதுகளில் உச்சத்தை அடைந்து, பின்னர் வயதுடன் மெல்ல மெல்லக் குறைவது இயல்பு. தொய்வைக் கவனிக்காமல் விட்டால் இந்தக் குறைவு விரைவாகலாம்.

உலகின் தனிமையான தீவு சொன்ன பாடம்

தொய்வுக்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பைத் தேடிய விஞ்ஞானிகளை ஈர்த்த ஓர் இடம் தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ளது. டிரிஸ்டன் டா குன்ஹா என்பது அத்தீவின் பெயர். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து சுமார் 2800 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள இத்தீவுக்கு இன்றும் விமானம் இல்லை. கப்பலில் சென்றால் ஒரு கிழமையளவு எடுக்கும்.

சென் ஹெலனாத் தீவில் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனை மீட்க எவரும் இத்தீவைப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக 1816 இல் பிரித்தானியப் படையினர் இங்கு காவல் போட்டனர். மறு வருடம் படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர் மனைவி பிள்ளைகளுடன் அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் கப்பல்களில் வந்த ஆண்கள் சிலர் அவர்களுடன் சேர்ந்தனர். 1827 இல் சென் ஹெலனாவிலிருந்து ஐந்து பெண்கள், முன்பின் அறியாத ஆண்களை மணம் முடிப்பதற்காகக் கப்பலேறி இத்தீவுக்கு வந்தனர். ஏறத்தாழ 15 பேரான இந்த முன்னோரின் வழித்தோன்றல்களே இன்றைய தீவு மக்கள். அந்த முதற் குடியேறிகளில் மூவருக்குத் தொய்வு இருந்ததாகக் கூறப்படுகின்றது.

1961 இல் தீவின் எரிமலை வெடித்தபோது மக்கள் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு அவர்களைப் பரிசோதித்த வைத்தியர்கள், இத்தனை பேருக்குத் தொய்வா என வியந்தனர். 1963 இல் பெரும்பாலானோர் தீவுக்குத் திரும்பினர். முப்பது வருடங்களின் பின்னர், 1993 இல், கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுரையீரல் வைத்திய நிபுணர் நோயே ஸமேலும் குழுவினரும் தீவுக்கே சென்று 282 பேரைப் பரிசோதித்தனர். அது தீவின் சனத்தொகையில் கிட்டத்தட்ட முழுப்பேரும் ஆகும். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் தொய்வின் அடையாளங்கள் முழுமையாகவோ ஓரளவாகவோ காணப்பட்டன.

தொழிற்சாலைகளோ வாகன நெரிசலோ இல்லாத தீவில் இவ்வளவு தொய்வு என்றால், அதன் வேர் முன்னோரிடம் இருந்தது என்றே கொள்ள வேண்டும். ஆனால் இதே கதையை மறுபக்கமாகவும் பார்க்கலாம். தீவில் உள்ள எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவினர். எல்லோர் உடலிலும் ஓடுவது அதே 15 பேரின் இரத்தம். ஆயினும் பெருந்தொகையானோருக்கு வருத்தம் வரவில்லை. ஆகவே பரம்பரை என்பது ஒரு தீர்ப்பு அல்ல, ஒரு சாத்தியம் மட்டுமே என்பதையும் அத்தீவு எமக்குச் சொல்கின்றது.

ஒன்றல்ல, பல

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறும் இயல்புகளை எழுதி வைத்திருக்கும் அலகைப் பாடசாலையில் பரம்பரையலகு என்று படித்தோம். இப்போது மரபணு என்ற சொல்லும் பரவலாக வழங்குகின்றது. சில வருத்தங்கள் ஒரேயொரு பரம்பரையலகின் பழுதினால் வருபவை. எமது நாட்டில் நாம் அறிந்த தலசீமியா அத்தகையது. தொய்வு அப்படியல்ல. அதன் பின்னால் பல பரம்பரையலகுகள், ஒவ்வொன்றும் சிறுசிறு பங்காக, நிற்கின்றன.

2002 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தொய்வு உள்ள 460 குடும்பங்களை ஆராய்ந்தபோது, 20 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள 'அடாம் 33' என்ற பரம்பரையலகு அடையாளம் காணப்பட்டது. இது சுவாசக் குழாயின் தசையிலும் சுவரிலும் தொழிற்படுவது. இதில் உள்ள சில வேறுபாடுகள், குழாய் எளிதில் இறுகும் தன்மையுடனும், நாளடைவில் நுரையீரலின் திறன் குறைவதுடனும் தொடர்புபட்டிருப்பதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சில காட்டின. வருத்தம் வருமா என்பதில் மட்டுமன்றி, அது எவ்வளவு கடுமையாகும் என்பதிலும் பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை இது உணர்த்தியது.

2007 இல், சிறுவயதில் தொய்வு தொடங்கியவர்களில் 17 ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி முக்கியம் பெறுவது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று தாய்மார் அனைவரும் அறிய வேண்டியது. அப்பகுதியில் குறிப்பிட்ட வேறுபாடுகள் உள்ள பிள்ளைகளுக்கு நான்கு வயதுக்குள் தொய்வு தொடங்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. அதே பிள்ளைகள் குழந்தைப் பருவத்தில் வீட்டில் சிகரட் புகையைச் சுவாசித்திருந்தால் அந்த ஆபத்து மேலும் உயர்ந்தது. தாய் தகப்பனிடமிருந்து வந்த வேறுபாட்டை நாம் மாற்ற முடியாது. வீட்டுக்குள் ஊதப்படும் சிகரட்டை நிறுத்த முடியும்.

2010 இல் தொய்வு உள்ள 10 ஆயிரத்துக்கும் அதிகமானோரையும், இல்லாத 16 ஆயிரத்துக்கும் அதிகமானோரையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று மேலும் சில பரம்பரையலகுகளைச் சுட்டியது. ஆயினும் இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தாலும், ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்குத் தொய்வு வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதே அவ்வாய்வாளர்களின் முடிவாகும். 2023 இல் வெளியான, 5 இலட்சத்து 80 ஆயிரம் பேர்வரை உள்ளடக்கிய ஆய்வொன்று, நுரையீரலின் தொழிற்பாட்டுடன் மட்டும் தொடர்புடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை எமது பரம்பரைப் பொருளில் கண்டது. ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கும் ஒன்றை, "உன்ர பக்கத்தால வந்தது" என்று ஒரு விரலை நீட்டிச் சொல்லிவிட முடியுமா?

ஒரே வேர், இரு வேறு வாழ்க்கை

அமெரிக்காவில் ஆமிஷ் என்றும் ஹட்டரைட் என்றும் இரு விவசாய சமூகங்கள் உள்ளன. இரண்டும் சமய காரணங்களுக்காக ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவை. தமக்குள்ளேயே மணம் முடிப்பவை. பரம்பரை அமைப்பிலும் மிக நெருக்கமானவை. சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியை கெரோல் ஓபர் ஹட்டரைட் மக்களிடையே நீண்டகாலமாக ஆய்வு செய்து வருபவர். இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவைத் தீர்மானிக்கும் பரம்பரையலகின் வேறுபாடு, தொய்வுடனும் நுரையீரல் திறனுடனும் தொடர்புபட்டிருப்பதை 2008 இல் அவரது குழு அம்மக்களிடம் கண்டறிந்தது.

2016 இல் அவரும் ஏனைய ஆய்வாளர்களும் இரு சமூகத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். ஆமிஷ் பிள்ளைகளில் தொய்வு சுமார் 5 சதவீதம். ஹட்டரைட் பிள்ளைகளிலோ சுமார் 21 சதவீதம்! பரம்பரை ஒத்திருக்க, வருத்தம் மட்டும் நான்கு மடங்கு வேறுபட்டது எப்படி?

வாழும் முறையில்தான் வித்தியாசம் இருந்தது. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டிப் பழைய முறையில் விவசாயம் செய்பவர்கள். அவர்களது தொழுவம் வீட்டோடு அண்டியது. பிள்ளைகள் கைக்குழந்தைப் பருவம் முதலே மாடு, குதிரைகளின் மத்தியில் வளர்கின்றனர். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீடுகளிலிருந்து தள்ளியிருப்பவை. ஆமிஷ் வீடுகளின் தூசியில் நுண்ணங்கிகளின் எச்சங்கள் பல மடங்கு அதிகமாக இருந்தன. அவற்றுடன் ஆரம்பத்திலேயே பழகிய பிள்ளைகளின் நிர்ப்பீடனத் தொகுதி, சாதாரண பொருட்களைக் கண்டு அளவுக்கு மீறிக் கொதிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தொய்வு வந்துவிட்ட பிள்ளையை மாட்டுக்கொட்டிலில் விடுங்கள் என்று இதற்குப் பொருளல்ல. அப்பிள்ளைக்குத் தூசி ஆகாது. ஒரே பரம்பரையின்மீதும் சூழல் வேறு வேறு விதமாக எழுத முடியும் என்பதே இதிலிருந்து நாம் பெறவேண்டியது.

பழியும் மறைப்பும்

ஒவ்வொரு பிள்ளையும் தன் பரம்பரையலகுகளில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் பெறுகின்றது. பெற்றோரில் ஒருவருக்குத் தொய்வு இருந்தால் பிள்ளைக்கு வரும் சாத்தியம் கூடுகின்றது. இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடுகின்றது. தொய்வு மட்டுமன்றி, காலையில் விடாமல் தும்முதல், கண் கடி, சிறுவயதில் மடிப்புகளில் வரும் தோல் அழற்சி போன்ற ஒவ்வாமைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. "எங்களுக்குத் தொய்வில்லை" என்று சொல்லும் பல குடும்பங்களில் இவை இருக்கும். அதைப் பரம்பரை என்று யாரும் எண்ணுவதில்லை.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் நான் அவதானித்த ஒன்று உண்டு. பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் அது தகப்பனின் பரம்பரை. நோயாளியாக இருந்தால் தாயின் பரம்பரை. இந்தக் கணக்கை எந்த விஞ்ஞானமும் எழுதவில்லை, நாம்தான் எழுதினோம்.

இதன் விளைவு மறைப்பு. கலியாணம் பேசும் காலத்தில் மகளின் பம்மை ஒளித்து வைக்கும் தாய்மாரை நான் கண்டிருக்கின்றேன். புகுந்த வீட்டில் யாரும் காணாமல் கழிவறைக்குள் சென்று மருந்து இழுக்கும் இளம் பெண்களும் உள்ளனர். சிலர் மருந்தையே விட்டுவிடுகின்றனர். சிறுவயதில் ஆண் பிள்ளைகளுக்கே தொய்வு அதிகம். ஆனால் பருவமடைந்த பின்னர் இது மாறி, வளர்ந்தவர்களில் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். மருந்து மிக அவசியமான அதே வயதில்தான் எமது பெண்கள் அதை மறைக்க வேண்டியவர்களாகின்றனர்.

கர்ப்ப காலத்தில் இது இன்னும் ஆபத்தானது. வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று எண்ணித் தாமாகவே பம்மை நிறுத்துவோர் பலர். தாய்க்கு மூச்சுத் திணறினால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஒட்சிசன் குறையும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொய்வு மருந்தை ஒருபோதும் நிறுத்தலாகாது.

எம் கையில் உள்ளவை

பரம்பரையை மாற்ற முடியாது. ஆனால் வருத்தம் எவ்வளவு கடுமையாகும் என்பதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலாவது, குடும்ப வரலாற்றை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் இழுப்பு எல்லாம் தொய்வாக நிலைப்பதில்லை. எது நிலைக்கும், எது போய்விடும் என்று மதிப்பிடும்போது, தாய்க்கோ தகப்பனுக்கோ தொய்வு இருந்ததா, பிள்ளைக்குத் தோல் அழற்சி உண்டா என்பவற்றை வைத்தியர்கள் முக்கியமாகக் கேட்பர். பொய்யான பதில் பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லலாம்.

இரண்டாவது, இரு வகை மருந்துகளின் வேறுபாட்டை அறிந்து கொள்ளுங்கள். பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் பம், இறுகிய தசையைத் தளர்த்தி உடனடி ஆறுதல் தருவது. பெரும்பாலும் மண்ணிறத்தில் வருவது உள்ளிருக்கும் அழற்சியைத் தணிப்பது. இதன் பலன் உடனே தெரியாது என்பதால் பலர் இதைக் கைவிட்டு, நீலத்தை மட்டுமே நம்பியிருக்கின்றனர். நீலத்தை அடிக்கடி தேட வேண்டியிருந்தால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே பொருள். பம் பாவித்தால் பழகிப்போகும் என்பது வீண் பயம். குளிசையிலும் பாணியிலும் உள்ளதைவிட மிகச் சிறிதளவு மருந்தே பம்மின் மூலம் நேராக நுரையீரலுக்குப் போகின்றது. மருந்து இழுத்த பின்னர் வாயைக் கொப்பளிக்க மறக்கக் கூடாது.

மூன்றாவது, வீட்டுக் காற்று. வீட்டுக்குள் சிகரட், பீடி, சுருட்டு எதுவும் வேண்டாம். 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பின. விறகுதான் எரிக்க வேண்டும் என்றால், புகைபோக்கியைச் சீர் செய்யுங்கள், யன்னலைத் திறவுங்கள், காய்ந்த விறகையே பாவியுங்கள். அடுப்படியில் பிள்ளையை வைத்திருக்காதீர்கள். நுளம்புத்திரிக்குப் பதிலாக நுளம்பு வலையே நல்லது. தலையணை உறை, போர்வைகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துங்கள்.

நான்காவது, ஆபத்தின் அறிகுறிகளை அறிந்திருங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குதல், விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுத்தல், உதடு நீலம் பாய்தல், நீலப் பம் அடித்தும் ஆறுதல் இல்லாமை என்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மீண்டும் அந்த வீட்டில்

அடுத்த முறை அந்த வீட்டுக்குச் சென்றபோது அப்பம்மாவுடன் ஆறுதலாக இருந்து கதைத்தேன். யாருக்கும் பரிந்து பேசவில்லை. அவருடைய மகனின் சின்ன வயதைப் பற்றி மட்டும் கேட்டேன். நெஞ்சுச் சளியா, இரவில் இருமலா, என்ன கை வைத்தியம் செய்தீர்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அவனும் சின்னனில இழுத்தவன்தான் பிள்ளை. மாரி துடங்கினா நித்திரையில்லை. கற்பூரவள்ளிச் சாறு குடுத்தனாங்கள். பள்ளிக்கூடம் போகத் துடங்க நிண்டிட்டுது."

சொல்லி முடித்தபின் அவரே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். எது பரம்பரை, எது யாருடைய பக்கம் என்று நான் விளங்கப்படுத்த வேண்டிய தேவை ஏற்படவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் தாய் தன் தகப்பனின் தொய்வைப் பற்றியும், கணவனின் சிறுவயது இழுப்பைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லியிருக்கின்றார். பிள்ளைக்கு மண்ணிறப் பம் ஒழுங்காகக் கொடுக்கும்படி சொல்லப்பட்டுள்ளது. அதை இரவில் கொடுப்பது இப்போது அப்பம்மாவின் பொறுப்பு. பையனுக்கு முற்றாகச் சுகம் என்று நான் எழுதமாட்டேன். மழை நாட்களில் இன்னும் இழுக்கின்றது. ஆனால் பாடசாலைக்குப் போகின்றான்.

அன்பான சகோதரிகளே, பரம்பரை என்பது எமது முன்னோர் எமக்குத் தந்த தகவல். அதை ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கவும் பயன்படுத்தலாம், ஒரு பிள்ளையைக் காக்கவும் பயன்படுத்தலாம். இன்று இரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எமது குடும்பத்தில் யாருக்கு இழுப்பு இருந்தது, யாருக்கு ஒவ்வாமை இருந்தது, யார் அதனால் இறந்தார் என்று கேட்டு, பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.